லட்சத்தீவு, ஞாயிறு முதல் சனி வரை

ஏப்ரல் மாதம் வந்தால் எனக்குக் கை அரிக்கும். வானத்தில் ஒன்றும் இருக்காது. மொட்டை மாடியில் நான் வைத்திருக்கும் மழைமானியில் வேப்பம்பூவும் காக்கை எச்சமும்தான் விழும். 'அம்பத்தூர்-ஆவடி மழை' என்று நான் நடத்தும் வாட்ஸப் குழுவில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். அக்டோபரில் நான் தும்மினால்கூடக் கட்டைவிரல் காட்டுகிறவர்கள், ஏப்ரலில் எட்டிப் பார்ப்பதில்லை. யாராவது ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுவார். அவரைத் திட்டுவேன். அந்த மாதத்தில் குழுவுக்கு நான் செய்யும் சேவை அவ்வளவுதான்.

என் பெயர் பார்த்தசாரதி. ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபேக்டரி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை. இருபத்தாறு வருஷமாகக் குவார்ட்டர்ஸ் வாசம். சம்பளம் ஃபேக்டரி கொடுக்கிறது, மரியாதை மழை கொடுக்கிறது. போனில் வரும் குட்டி மேகப் படத்தைப் பார்த்துவிட்டுக் குடை எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சாட்டிலைட் பார்ப்பேன், ரேடார் பார்ப்பேன், கடைசியில் மாடியில் நின்று காற்றை மோந்து பார்ப்பேன். "மோந்தே வயித்தை ரொப்பிக்கோங்க, நான் தோசை ஊத்தலை" என்பாள் என் மனைவி மைதிலி.

குழு ஆரம்பித்த அன்றே ஒரு சபதம் போட்டேன். போட்ட கணிப்பை அழிக்க மாட்டேன், தப்பானாலும் அப்படியே கிடக்கும் என்று. அப்போது வீரமாக இருந்தது. பிறகு முகப்பேரில் கோகுல்நாத் என்ற ஐ.டி. ஆசாமி எதிர்க்குழு ஆரம்பித்தான். நான் எங்கே சறுக்குவேன் என்று காத்திருந்து, அதைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, 'மாமா மறுபடியும்' என்று எழுதி ஊர் முழுக்கச் சுற்றில் விடுவான். இரண்டு தடவை மாட்டினேன். இரண்டு தடவையும் மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது தடவை இருக்கக் கூடாது என்பதில் வெறியாக இருந்தேன்.

கோதண்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. அவர் வெள்ளானூர்க்காரர். நிலமெல்லாம் பிளாட்டாகப் போனது போக, இப்போது இரண்டு தண்ணீர் லாரி வைத்திருக்கிறார். போன நவம்பரில் அவர் மகன் அஜித்குமாருக்குக் கல்யாணம். வாரம் முழுக்க மழை என்று டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். பந்தல்காரன் கையை விரித்துவிட்டான். கோதண்டம் என்னிடம் வந்து நின்றார். காலை பதினோரு மணி வரை ஒன்றும் வராது, அதற்குள் தாலி கட்டிப் பந்தி போட்டுவிடுங்கள் என்றேன். பதினொன்று இருபதுக்குக் கொட்டியது. என்னை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி, "நம்ம சாருகிட்ட வருண பகவானே கேட்டுகினுதான் வர்றாரு" என்று மைக்கில் சொன்னார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது.

அந்த அஜித்குமார்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைக்கில் வந்தான். லீவு கிடைக்காமல் தள்ளிப்போன தேனிலவுக்கு இப்போது போகிறார்களாம், லட்சத்தீவுக்கு. பின்னால் அவன் மனைவி தேவிப்பிரியா உட்கார்ந்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனும் அவளும் ஒரே கம்பெனி.

"சார், அங்க அலைமேல போர்டு உட்டு நிக்கறாங்க சார். நானும் நிக்கப் போறேன். அடுத்த வாரம் பூரா எப்டி கீதுன்னு ஒரு கணிப்பு போடு சார்."

"நீச்சல் தெரியுமாடா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டே? வெள்ளானூர் ஏரில மல்லாந்து தூங்குவேன் சார். இவளுக்குத்தான் நீச்சல் தெரியாது."

தேவிப்பிரியா என்னைப் பார்த்து, "கடலுக்கும் சொல்வீங்களா சார்?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன், கடலுக்கு மேலே இருப்பதும் இதே வானம்தானே என்றேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒருவன் என்னிடம் கணிப்புக் கேட்கிறான். காய்ந்து கிடந்தவன் கையில் கரும்பு கிடைத்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து, மேகம், ஈரம், காற்று எல்லாவற்றையும் பார்த்துக் குழுவிலேயே போட்டேன்: 'லட்சத்தீவு, ஞாயிறு முதல் சனி வரை. சொட்டு மழை கிடையாது. காற்று மணிக்கு எட்டு கிலோமீட்டர், அதுவும் பெயருக்கு. வெயில் உண்டு, தொப்பி எடுத்துக்கொள்ளவும். கடல் கண்ணாடி. போர்டு மேல் ஏறி நிற்க நினைப்பவர்கள் தாராளமாக நிற்கலாம்.'

முதல் மூன்று வரிகளும் நான் பார்த்து எழுதியவை. கடைசி இரண்டும் கை ஓட்டத்தில் வந்தவை. அலைக்கென்று தனி இணையப் பக்கங்கள் இருப்பது எனக்குத் தெரியும். ஒருநாளும் திறந்ததில்லை. காற்று இல்லை, மழை இல்லை, பிறகு கடல் ஏன் ஆடப் போகிறது? இத்தனை வருஷம் மழையையே பார்த்துப் பார்த்து, மழை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று என் மூளைக்குள் ஊறிவிட்டிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் பால் வாங்கப் போன இடத்தில் கோதண்டம் லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"சார், புள்ள போன் பண்ணான். நீ சொன்னா மாதிரியே கண்ணாடியாம் சார். அடி மணலு தெரியுதாம். நாளைக்கி மதியம் போர்டு கத்துக்கறான். அங்க ஒரு போட்டுக்காரன், நாளைக்கி வேணாம் தம்பி, தண்ணி சரியில்ல, ரெண்டு நாளு போட்டும்னானாம். எம்புள்ள உட்டானா? போனை எடுத்து நீ போட்டத காட்டிட்டானாம். எங்க ஊரு சாரு சொல்லிட்டாரு, நீ இன்னாய்யா சொல்றதுன்னுட்டானாம்." சொல்லிவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "ஆவடில குந்திகினு லட்சத்தீவு போட்டுக்காரன் வாய அடைச்சிட்ட பாத்தியா!"

நானும் சிரித்தேன். பால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த ஆள் கடலிலேயே பிறந்து வளர்ந்தவன். என்னத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான்? வீட்டுக்கு வந்ததும் அந்த அலைப் பக்கத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ராத்திரி முழுக்கப் புரண்டேன். ஃபேன் காற்று போதவில்லை என்று மைதிலியிடம் எரிந்து விழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படம் முழுக்கச் சிவப்பு. தெற்கே, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மனுஷ வாடையே இல்லாத கடலில் நாலைந்து நாளைக்கு முன் ஒரு பெரும்புயல் சுழன்றடித்திருக்கிறது. அது கிளப்பிவிட்ட அலை அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினெட்டு விநாடி. செவ்வாய் நண்பகலில் தீவுகளைத் தொடும். வானம் நிர்மலமாகத்தான் இருக்கும், காற்றும் வீசாது. கள்ளக்கடல் என்று பெயர் கொடுத்து எச்சரிக்கையும் முந்தின நாளே வந்திருந்தது. மீனவர்களும் சுற்றுலாப் பயணிகளும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று எல்லா மொழியிலும் போட்டிருந்தார்கள்.

உடனே குழுவைத் திறந்து அடிக்க ஆரம்பித்தேன். 'முக்கியம். லட்சத்தீவில் இருப்பவர்கள் கடலில் இறங்க வேண்டாம்.' அவ்வளவு போதும். கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது. அங்கேயே நின்றது.

கோகுல்நாத் கண்ணுக்கு முன்னால் வந்தான். 'கடல் கண்ணாடி' மேலே, 'இறங்க வேண்டாம்' கீழே, நடுவில் சிவப்பு வட்டம். நான் அதை அழித்துவிட்டு, 'ஏற்கெனவே கூறியபடி மழைக்கு வாய்ப்பில்லை. எனினும்' என்று ஆரம்பித்தேன். அது குழைவதாகப் பட்டது. 'காற்று, மழை பற்றிய கணிப்பில் மாற்றமில்லை. கூடுதல் தகவலாக' என்று போட்டேன். கூடுதல் தகவல் என்பது நன்றாக இருந்தது. ஆனால் 'தாராளமாக நிற்கலாம்' என்று எழுதியதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மைதிலி காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன், எதுக்கு இத்தனை இலக்கணம்?"

"போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்."

"அப்போ கோதண்டத்துக்குப் போடுங்க. ஹோட்டல் நம்பர் வெச்சிருப்பாரு."

"அவர்கிட்ட வாயால சொன்னா, நேத்து சரின்னீங்களே, இன்னிக்கு இல்லைங்கறீங்களேன்னு கேப்பார். குழுவில ஒழுங்கா எழுதிப் போட்டுட்டு அவருக்கும் அனுப்பறேன். ரெண்டு நிமிஷம் இரு."

"அந்தப் பொண்ணுக்கு நீச்சல்கூடத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். நான் போனிலேயே கண்ணாக இருந்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஏழு இருபதுக்கு ஃபேக்டரி கேட். எங்கள் இடத்தில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டி, டோக்கன் வாங்கிக்கொண்டு போனால், வேலை முடிந்து நாலு நாற்பதுக்குத்தான் மறுபடி கையில் வரும். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர். திரையில் பாதி வாக்கியம். 'இயற்கையின் எதிர்பாராத' என்பதோடு நின்றிருந்தது. சங்கு ஊதிவிட்டது, பின்னால் இருந்தவர் "சார், போங்க சார்" என்றார். இதை இப்படியே அரைகுறையாக அனுப்புவதா என்று நினைத்தேன். போனின் சத்தத்தை அணைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அன்று நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் தெரியாது. ஒரே உருளையை நாலு தடவை அளந்தேன். தண்ணீர் குடிக்கப் போனேன், பாத்ரூம் போனேன், மறுபடி தண்ணீர் குடிக்கப் போனேன். வேலை விவரம் குறிக்கும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன், அடித்தேன், எழுதினேன். பன்னிரண்டு தடவை எழுதியிருக்கிறேன். பன்னிரண்டிலும் நான் தப்புச் செய்யவில்லை.

மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. கேன்டீனில் எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் நண்பர் குளச்சல்காரர். அப்பா வள்ளம் ஓட்டியவர். யாரோ பேப்பரில் படித்த செய்திபோல அவரிடம் கேட்டேன், பதினெட்டு விநாடிக்கு ஒன்றாக அலை வந்தால் என்ன ஆகும் என்று.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "பதினெட்டா? நாங்கல்லாம் வள்ளத்தை மேட்டுல ஏத்திருவோம். பாக்கறதுக்கு ஒண்ணும் தெரியாது சார். தூங்கற மாதிரி இருக்கும். மெதுவா வர்ற அலதான் காலைப் பிடுங்கும். பாறை இருக்கற எடமா இருந்தா பெறகு சொல்லவே வேண்டாம். ஏன், தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா?"

"பக்கத்து ஊர்ப் பையன்."

"செக்‌ஷன் போன்ல பேசுங்க சார். இப்பமே எந்திரிங்க."

நம்பர் எல்லாம் போனில் இருக்கிறது என்றேன். உண்மைதான். அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போங்கள், ஃபோர்மேன் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றார். அதுவும் உண்மைதான். ஃபோர்மேன் மேஜை வரைக்கும் போனேன். அவர் தலைநிமிர்ந்து என்ன என்று கேட்டார். காரணம் சொல்ல வேண்டும். வெளியே போய்ப் போனை எடுத்தால் உடனே அனுப்பவும் வேண்டும். என்னிடம் இருந்தது பன்னிரண்டாவது வாக்கியம், அதன் கடைசியில் இன்னும் இடறியது. "ஒண்ணுமில்ல சார், அளக்கிற கேஜ் ஒண்ணு கேட்கலாம்னு" என்றேன். மணி பன்னிரண்டே முக்கால்.

நாலு நாற்பத்திரண்டுக்குப் போனைத் திறந்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. ஜாப் கார்டைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். 'லட்சத்தீவு: மழை, காற்று குறித்த நம் கணிப்பு துல்லியமாகத் தொடர்கிறது. இதற்குத் தொடர்பில்லாத தொலைதூரக் கடல் நிகழ்வு ஒன்றின் காரணமாக அலைகள் சற்று உயரக்கூடும் என்பதால் நண்பர்கள் கரையிலிருந்தே ரசிப்பது நலம்.' அனுப்பினேன். அப்பாடா என்று இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுகூட நினைத்தேன். அதற்குப் பிறகுதான் திரையின் மேலே பார்த்தேன். கோதண்டத்திடமிருந்து பதினான்கு தவறிய அழைப்புகள். முதல் அழைப்பு, இரண்டு மணி ஐந்து நிமிஷம்.

வெள்ளானூருக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. யாரோ ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து ஏற்றிக்கொண்டார்கள். கோதண்டம் வீட்டு வாசலில் செருப்புகள். உள்ளே அவர் மனைவி ராணி ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். திணித்ததையே வெளியே எடுத்து மறுபடி திணித்தாள். கோதண்டம் என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"ஒண்ணே காலுக்கு எறங்கினானாம் சார். முட்டி அளவு தண்ணிதானாம். எங்கிருந்து வந்துச்சின்னே தெரிலயாம், ஒரே அல, தூக்கி அப்டியே பாற மேல அடிச்சிருக்கு. முதுவு. காலு அசைய மாட்டேங்குது சார். அந்த போட்டுக்காரந்தான் பாஞ்சி இஸ்துகினு வந்திருக்கான். எலிகாப்டர்ல கொச்சிக்கு எடுத்துகினு போறாங்களாம். பொண்ணு கரைல நின்னு பாத்துகினே இருந்துச்சாம்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ராத்திரி வண்டிக்கு சென்ட்ரல் போறோம்."

"கோதண்டம்" என்று மட்டும் சொன்னேன். நான் தவிப்பதைப் பார்த்து அந்த மனுஷன் என்னைத் தேற்ற ஆரம்பித்தார்.

"நீ ஏன் சார் இப்டி நடுங்கறே? நீ இன்னா பண்ணுவே? நீ சொன்னதுல இன்னா தப்பு கீது? ஒரு சொட்டு மழ இல்லியாம். காத்தே இல்லியாம். வெயிலு சுள்ளுனு அடிக்குதாம். அங்க கீற டாக்டர்கிட்டயே பொண்ணு கேட்டுதாம், வானம் இப்டி கீதே, அல எப்டி வந்துச்சின்னு." ராணியின் பக்கம் திரும்பினார். "பாரு, சாரு வேல உட்ட ஒடனே ஓடி வந்துகீறாரு. அவருக்குத் தெரிஞ்ச நிமிஷமே குரூப்புல போட்டுட்டாரு, பாத்தேன். அதுக்குள்ள ஆயிடிச்சி. நம்ம நேரம்."

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடோடு நான் கிளம்பியிருக்கலாம். ஃபேக்டரியில் போன் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். கோகுல்நாத்தால்கூட வட்டம் போட முடியாது. ஆயுசுக்கும் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. தப்பித்துவிட்டோம் என்று எனக்குள் ஒன்று மூச்சு விட்டதே, அதைக் கேட்ட பிறகு என்னால் கிளம்ப முடியவில்லை.

"எனக்குக் காலையிலேயே தெரியும், கோதண்டம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "இன்னா சார்?"

"இன்னிக்கு விடிகாலை அஞ்சரைக்கே பார்த்துட்டேன். அலை வருதுன்னு தெரியும். மத்தியானம் வரும்னு தெரியும். ஏழு இருபது வரைக்கும் போன் என் கையிலதான் இருந்தது. மதியானம் அவுட்பாஸ் கேட்டு வெளியே வந்திருந்தாக்கூடச் சொல்லியிருக்கலாம். மணி பன்னிரண்டே முக்கால். அவன் இறங்கலை அப்போ."

ராணியின் கை பைக்குள் அப்படியே நின்றுவிட்டது. கோதண்டம் என் கையை விட்டார். கோபத்தோடு உதறவில்லை. சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டு எடுப்போமே, அப்படி எடுத்துக்கொண்டார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு, ஒன்றும் தெரியாத விஷயத்தைக் கேட்கிறவர்போல, மெதுவாகக் கேட்டார்.

"அஞ்சரைலேந்து இன்னா சார் பண்ணிகினு இருந்தே?"

சட்டைப் பையில் ஜாப் கார்டு இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பி, பென்சில் கிறுக்கலை வெளிச்சத்துப் பக்கம் பிடித்து, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். அடித்த வரிகளையும் விடவில்லை. வாசலில் டிரைவர், வண்டிக்கு நேரமாகிறது என்று ஹார்ன் அடித்துக்கொண்டேயிருந்தான். பன்னிரண்டாவது வரியையும் படித்து முடித்துவிட்டு, கார்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார்.

"இதுல எங்கயுமே எம்புள்ள பேரு இல்லியே சார்" என்றார்.